கடற்கரைக் கடை நண்டு கிட்: வாங்கியதும் மாற்ற வேண்டியவை

நியூ ஜெர்சியில் வைல்ட்வுட், ஓஷன் சிட்டி பக்கம் கோடையில் ஒரு நாள் போய்வந்த குடும்பங்களுக்கு இந்தக் கடைகளைத் தெரியாமல் இருக்காது. கடலோரப் பலகை நடைபாதையில், தொப்பிக்கும் டாஃபி மிட்டாய்க்கும் நடுவே, வாசலில் ஒரு கம்பிக்கூண்டு. முதுகில் கால்பந்தும் கார்ட்டூன் முகமும் வரைந்த சங்குகளைச் சுமந்தபடி அதற்குள் துறவி நண்டுகள் (ஹெர்மிட் கிராப்) ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். நண்டு இலவசம், கூண்டும் தீவனமும் கூழாங்கல்லும் சேர்ந்த கிட் வாங்கினால் போதும் என்பார்கள். எடிசன் ஊருக்குத் திரும்பும் காரில் பிள்ளையின் மடியில் அந்தக் கூண்டு இருக்கும். மூன்று வாரத்தில் நண்டு மூலையில் துவண்டு கிடக்கும், பக்கத்தில் ஒரு கால் தனியாகக் கிடக்கும், "இதுக்கு என்ன மருந்து?" என்று வீடே தேட ஆரம்பிக்கும்.

மருந்து என்று ஒன்றும் கிடையாது. ஊசியோ மாத்திரையோ சொட்டு மருந்தோ இதற்கென்று நம்பி வாங்க எதுவும் இல்லை. அயல்பிராணி வைத்தியர்களிலும் நண்டு பார்க்கிறவர் அரிது. வீட்டில் செய்ய முடிகிற வைத்தியம் ஈரக்காற்று, சீரான சூடு, இரண்டு வகைத் தண்ணீர், ஆழமான மணல், இருட்டு, பிறகு கையை வைக்காமல் இருப்பது. இதில் ஒன்றைக்கூட அந்த கிட் தருவதில்லை. 5-க்கு 1 மதிப்பெண். அந்த ஒன்றும் சில கிட்டில் வரும் கொட்டாங்குச்சிக் குடிசைக்காக.

ஏன் இவ்வளவு கறார் என்றால், அந்தக் கூண்டுக்குள் இருக்கும் உயிர் அப்படி. அமெரிக்கக் கடைகளில் அதிகம் வருவது கரீபியன் தீவுகளின் சீனோபிட்டா கிளைபீட்டஸ். இடது பெரிய கொடுக்கு ஊதா நிறமாக இருக்கும். பண்ணையில் வளர்த்து வருவதில்லை, கடற்கரைக் காட்டிலிருந்து பிடித்து வருகிறது. தரையில் வாழ்ந்தாலும் மூச்சு விடுவது செவுளால்தான். செவுள் ஈரமாக இருக்கும்வரைதான் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும். அதற்காகவே சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சேமித்துச் சுமந்து திரிகிறது. நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் எடுத்துத் தன் உப்பளவைத் தானே சரிசெய்துகொள்கிறது. ஏசி ஓடும் வீட்டில் கம்பிக்கூண்டில் வைத்தால் செவுள் நாளுக்கு நாள் காயும். உடனே சாகாது. வாரக்கணக்கில் மெல்ல மூச்சு முட்டும். வெளியே தெரிவது "சோம்பேறி நண்டு, அசையவே மாட்டேங்குது" என்பது மட்டும்.

(பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. சீனோபிட்டா என்பது மடத்தில் கூட்டாக வாழும் துறவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நண்டும் அப்படித்தான், கூட்டமாக இருக்கும் ஜாதி. ஒற்றை நண்டை வாங்கிவந்து தனியே வைப்பதும் அதற்கு ஒரு குறைதான்.)

கிட்டில் வருவதை ஒவ்வொன்றாகப் பார்த்தால், கூண்டை முதலில் ஒதுக்கிவிடலாம். கண்ணாடித் தொட்டி வேண்டும். இரண்டு சின்ன நண்டுக்கு 10 கேலன் தொட்டி, அதாவது ஏறக்குறைய 38 லிட்டர், ஆரம்பத்துக்குப் போதும். பழைய மீன்தொட்டி கொஞ்சம் கசிந்தாலும் குறையில்லை, இதில் தண்ணீர் நிரப்பப் போவதில்லை. மீனுக்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றிய தொட்டி மட்டும் வேண்டாம்; செம்பு நண்டு இனத்துக்கே ஆகாது.

கடற்பஞ்சுத் துண்டை "நண்டு இதிலிருந்து குடிக்கும்" என்று சொல்லித் தருவார்கள். இரண்டாம் நாளே அதைத் தொட்டால் வழவழப்பு தெரியும், அது பாக்டீரியா. எடுத்துவிடுங்கள். கலர் கூழாங்கல்லில் நண்டால் குழி தோண்ட முடியாது, தோண்ட முடியாத நண்டு தோலுரிக்க, அதாவது வளர்வதற்காகப் பழைய மேல்தோலைக் கழற்ற, முடியாது. கால்சியம் மணல் என்று விலை கூட்டி விற்பது அதைவிட மோசம்: ஈரம் பட்டதும் கட்டிதட்டிச் சிமெண்டாகும், சங்குக்குள் போனால் மென்மையான வயிற்றுக்கும் சங்குக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும்.

உருண்டைத் தீவனத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். எத்தாக்சிகுவின், காப்பர் சல்பேட் என்ற இரண்டு பெயரில் ஒன்று இருந்தாலும் அனுபவமுள்ளவர்கள் வைப்பதில்லை. நம் சமையலறையே மேல்: அவித்த முட்டை ஓட்டோடு நொறுக்கியது, தேங்காய்த் துண்டு, வாழைப்பழம், கேரட், உப்பில்லாக் கடற்பாசி, கணவாய் ஓடு. உப்புப் போடாமல் காயவைத்த சென்னாகூனி கிடைத்தால் மிகவும் விரும்பிச் சாப்பிடும். கருவாடு கூடாது, அதில் இருப்பது சமையல் உப்பு.

வண்ணச் சங்குதான் எல்லாவற்றிலும் கோபம் வரவழைப்பது. நண்டுக்குப் பின்னுடல் மென்மையானது, சுருண்டது. நுனியில் இருக்கும் கொக்கியால் சங்கின் நடுத்தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெயின்ட் ஈரத்தில் உரியும், உரிந்ததை நண்டு தின்னும். நோயில் விழுந்த நண்டுக்கு உருப்படியாக வாங்கித் தரக்கூடிய பொருள் என்றால் வர்ணம் பூசாத டர்போ சங்குகள். கிளைபீட்டஸ் வட்ட வாய் உள்ள சங்கையே விரும்பும். இப்போதிருக்கும் சங்கின் வாய் அளவில் ஒன்று, சற்றுப் பெரியதாக இரண்டு, ஆக நண்டு ஒன்றுக்கு மூன்று மாற்றுச் சங்கு. வந்ததும் 5 நிமிடம் கொதிக்க வைத்து முழுக்க ஆறவிட வேண்டும். வெளியே ஆறினாலும் உள்சுருளில் கொதிநீர் தங்கியிருக்கும், கவிழ்த்து உதறுங்கள்.

கிட்டை விட்டால் அடுத்து இழுப்பது "நண்டுத் தண்ணீர்" பாட்டில்கள். கைக்கு அடக்கமாக இருக்கும், விலையை லிட்டருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அமெரிக்க ஊர்களின் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், பல ஊர்களில் குளோராமின். குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோராமின் போகாது. அதனால் இரண்டையும் முறிக்கிற மருந்து வேண்டும். மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் சீகெம் பிரைம் இந்த வேலைக்கு நன்றாக ஒத்துவருகிறது. 200 லிட்டருக்கு 5 மில்லி என்பது அளவு. நம் கணக்கில் 2 லிட்டருக்கு ஒரு சொட்டு, ஒரு கேலனுக்கு இரண்டு சொட்டு. மூடியைத் திறந்ததும் கந்தக நெடி அடிக்கும், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். சின்ன பாட்டில் ஒன்றே வருடக்கணக்கில் வரும். 5-க்கு 5.

உப்பில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சமையல் உப்பில் அயோடினும் கட்டிதட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். மீன்கடையில் அக்வேரியம் உப்பு என்று விற்பது நன்னீர் மீனுக்கானது, வெறும் சோடியம் குளோரைடு. நண்டு என்று பெயர் போட்ட உப்புப் பாக்கெட்டும் பல நேரம் அதேதான். வேண்டியது கடல் மீன் தொட்டிக்கான உப்பு. இன்ஸ்டன்ட் ஓஷன் மாதிரி. அதில்தான் கால்சியமும் மக்னீசியமும் கடல்நீரின் விகிதத்தில் இருக்கும். குளோரின் முறித்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம், கேலனுக்கு அரைக் கப். கலக்கி ஒரு இரவு வைத்துத் தெளிந்த பிறகு ஊற்றுங்கள். இப்படி உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், இரண்டும் நண்டு முழுகும் ஆழத்தில். ஏறி வர கல்லோ பிளாஸ்டிக் வலையோ ஓரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்தியத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும்.

காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானிக்கு ஒரு பத்தி தனியாகக் கொடுக்கலாம். நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். கிட்டோடு ஒட்டி வரும் முள் வைத்த வட்ட மானியை நம்ப வேண்டாம். டிஜிட்டல் வாங்குங்கள், அதையும் சோதிக்காமல் நம்பாதீர்கள். பாட்டில் மூடி ஒன்றில் சாதாரண உப்பு நிரப்பி, சேறு பதத்துக்கு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரையக் கூடாது, நசநசவென்று இருக்க வேண்டும். மூடியையும் மானியையும் ஜிப் பையில் போட்டு இறுக மூடி 12 மணி நேரம் அறைச் சூட்டில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது உப்பின் இயல்பு. மானி 68 காட்டினால் அது 7 குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். தொட்டிக்குள் வேண்டியது 75 முதல் 85. 70-க்குக் கீழே நாள்கணக்கில் போனால் கால் உதிரும் கதை ஆரம்பம்.

ஈரத்தைக் காக்கப் பெரிய கருவி வேண்டாம். வலை மூடியின்மேல் கண்ணாடியோ, சமையலறைப் பிளாஸ்டிக் உறையோ ஒட்டி, ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டால் போதும். சூட்டுக்கு விளக்கு வேண்டாம், காற்றைக் காயவைக்கும். ஊர்வனவற்றுக்கு விற்கும் வெப்பத்தாளைத் தொட்டியின் பின்கண்ணாடியில், மணல்மட்டத்துக்கு மேலே ஒட்டி, தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். பெட்டியில் "அடியில் ஒட்டவும்" என்று படம் போட்டிருப்பார்கள். கேட்காதீர்கள். நண்டு தோலுரிக்க இறங்குவது அடிமணலுக்குத்தான், கீழே ஒட்டினால் உயிரோடு வேகும். ஒரு பக்கம் 28 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24 என்று இருந்தால் தனக்கு வேண்டிய இடத்தை நண்டே பார்த்துக்கொள்ளும்.

மணல் கலவை: விளையாட்டு மணல் 5 பங்கு, ஊறவைத்து உதிர்த்த தென்னைநார்த்தூள் 1 பங்கு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறுகிறதே, அதே மாதிரி நார்த்தூள் கட்டிதான். உரம் கலக்காததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கட்டுமானக் கடையில் 50 பவுண்டு மணல் மூட்டை ஒன்று 10 கேலன் தொட்டிக்கு ஏறக்குறையப் போதும். ஆழம் குறைந்தது 15 செ.மீ., அல்லது பெரிய நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அது. மணலின் ஈரம் பிடி கொழுக்கட்டைப் பதம். புட்டு மாவுப் பதம் என்றால் நண்டு தோண்டும் சுரங்கம் அதன் தலையிலேயே சரியும். பிடித்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது. விரலால் குத்தினால் ஓட்டை அப்படியே நிற்க வேண்டும்.

இவ்வளவும் தயாரான பிறகுதான் நோய் என்ன என்ற கேள்வியே வரும். பாதி நோய் இதிலேயே நின்றுவிடும்.

கால் விழுந்தால்: ஒரு கால், தூக்கும்போதோ சண்டையிலோ போனது என்றால் பயப்பட வேண்டாம். அடுத்த தோலுரிப்புக்கு முன் அந்த இடத்தில் ஜெல்லி மாதிரி ஒரு மொட்டு வரும், அதுதான் புதுக்கால். இரண்டு மூன்றாக அடுத்தடுத்து உதிர்ந்தால் அது வாங்கிவந்த அதிர்ச்சியும் செவுள் காய்ந்ததும் சேர்ந்து செய்யும் வேலை. தொட்டிக்குள்ளேயே ஒரு மறைவிடம், ஈரம் 80, மேலே துணி போட்டு இருட்டு. இரண்டு கிண்ணமும் எட்டும் தூரத்தில். ஒரு துளி தேன், கொஞ்சம் புரதம். உயிரோடு இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் தூக்கிப் பார்ப்பது மிச்சமிருக்கும் சக்தியையும் தின்னும். இந்த நிலைக்குப் போன எல்லா நண்டும் பிழைப்பதில்லை என்பதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சங்கை விட்டு வெளியே வந்துவிட்டால்: இதுதான் அவசரம், மென்வயிறு காய்ந்தால் முடிந்தது. ஒரு சின்னக் கோப்பையில் தொட்டிச் சூட்டிலுள்ள உப்புத் தண்ணீர் அடி மறையும் அளவு விட்டு, அதே தண்ணீரில் அலசிய இரண்டு மூன்று சங்குகளை வாய் மேலே பார்க்க வையுங்கள். நண்டை மெதுவாக அதில் விட்டு, கோப்பையைத் தொட்டிக்குள்ளேயே வைத்து மூடித் துணி போடுங்கள். வயிற்றைப் பிடித்துச் சங்குக்குள் திணிக்கவே கூடாது. பழைய சங்கைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒரு மணல்கட்டியோ கல்லோ சிக்கியிருக்கும், அது உறுத்தித்தான் வெளியே வந்திருக்கும்.

மேல்மணலிலேயே தோலுரிக்க ஆரம்பித்தால்: ஆழம் போதாதபோதும் பலவீனமாக இருக்கும்போதும் இப்படி நடக்கும். இடம் மாற்றாதீர்கள். 2 லிட்டர் சோடா பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, நடுக்குழாயை நண்டைச் சுற்றி மணலில் 5 செ.மீ. இறக்குங்கள். மற்ற நண்டு வந்து தின்னாமலிருக்க அதுதான் மதில். கழற்றிப் போட்ட தோலை எடுத்து எறியாதீர்கள், அதைத் தின்றுதான் புதுத்தோல் கெட்டிப்படும். மேலே இருட்டு. தானாக எழுந்து நடந்து, தோலைத் தின்று முடித்த பிறகு குழாயை எடுங்கள்.

உண்ணி: முதலில் அது உண்ணியா பாருங்கள். வெள்ளையாக நீண்டு, ஊதினால் துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில். பூஞ்சையைத் தின்னும் நல்ல பூச்சி, விட்டுவிடுங்கள். உருண்டையாக, துள்ளாமல் ஊர்ந்து, கால் மூட்டிலும் கண்காம்பு அடியிலும் மொய்த்தால்தான் உண்ணி. "நண்டு உண்ணிக்கு" என்று வரும் எந்த ஸ்பிரேயும் வேண்டாம். பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள்தானே. முழு அளவு உப்புத் தண்ணீரில் நண்டை மெதுவாக முழுக்கி, சங்கைச் சாய்த்துக் காற்றுக் குமிழி வெளியேறவிட்டு, ஒரு நிமிடத்தில் தானாக ஏறி வரவிடுங்கள். புதுத் தண்ணீரில் மறுபடி ஒருமுறை. தொட்டியில் யாரும் புதைந்திருக்கவில்லை என்றால் மணலை முழுக்கக் கொட்டி, கண்ணாடியை வெந்நீரும் வெள்ளை வினிகரும் விட்டுத் துடைத்து, சங்குகளைக் கொதிக்கவைத்துப் புது மணல் போடுங்கள். புதைந்திருந்தால் தோண்ட முடியாது. அப்போது மிச்சத் தீவனத்தைத் தினமும் எடுத்துவிட்டு, ஹைப்போஆஸ்பிஸ் என்ற வேட்டை உண்ணியை விடுவது உண்டு. செடிக்கடைகள் விற்கும் பொருள்தான், பார்த்தவரை நன்றாகவே வேலை செய்கிறது.

மேல்தோலில் கருப்புப் புள்ளி, அரித்த குழி தெரிந்தால் அது பெரும்பாலும் தோலைத் தின்னும் பாக்டீரியா. அழுக்கு மணலும் தேங்கிய ஈரமும்தான் காரணம். மீன் ஆன்டிபயாடிக் ஊற்றிப் பயனில்லை. சுத்தமான மணலும் உப்புத் தண்ணீரும் கொடுத்தால் அடுத்த தோலுரிப்போடு உடம்பை விட்டுப் போகும்.

இதோடு சேர்ந்தது ஒரு எதிர்த்தவறு. ஈரம் வேண்டும் என்று தினம் மூன்று வேளை தண்ணீர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டியின் அடிக்கண்ணாடியைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அடியில் கருத்த நீர்க்கோடும் சாக்கடை நெடியும் இருந்தால் மணல் அழுகுகிறது. அங்கே புதைந்திருக்கும் நண்டு மூழ்குகிறது. புதைந்த நண்டைத் தோண்டலாம் என்று சொல்லக்கூடிய ஒரே நேரம் இது. மூலையிலிருந்து கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றியிருக்கும் மணலோடும் கழற்றிய தோலோடும் சேர்த்து எடுத்து, அதே சூடும் ஈரமும் உள்ள மூடிப்போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் நல்ல மணல்மேல் வைத்து இருட்டாக்குங்கள்.

மற்ற எந்த நிலையிலும் மண்ணுக்குள் போன நண்டைத் தேடாதீர்கள். கோலிக்குண்டு அளவு நண்டுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். எலுமிச்சை அளவுக்கு இரண்டு மூன்று மாதம்கூட. போகும் முன் கண்ணில் மங்கல், கால் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுப்பு, தண்ணீர்க் கிண்ணத்திலேயே குடியிருப்பது, ஓயாமல் தோண்டுவது எல்லாம் தெரியும். நோய் என்று பதறுவதில் பாதி இதுதான்.

சங்குக்கு வெளியே முழு உடம்பு கிடக்கிறது, அசைவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். எடையே இல்லாமல், உள்ளே வெறுமையாக, கண்காம்பு கண்ணாடிபோல் தெரிந்தால் அது கழற்றிய தோல். நண்டு பக்கத்தில் எங்கேயோ மென்தோலோடு ஒளிந்திருக்கிறது. எடுத்ததை அதே இடத்தில் வைத்துவிட்டு மூடியைப் போடுங்கள். சதை இருந்து, அழுகிய மீன் நாற்றம் மூடியைத் திறந்ததுமே முகத்தில் அடித்தால்தான் இறந்தது. லேசான கவிச்சி வாடை மட்டும் என்றால், மூலையில் ஒளித்துவைத்த பழைய இறால் துண்டாகவும் இருக்கலாம். அதைத் தேடி எடுத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பாருங்கள்.